கதவுக்கு முட்டு

இருபது ஆட்டத்துக்கு அறுபது விநாடி எடுக்க வேண்டிய எஞ்சின், ஐம்பத்து நான்கிலேயே ஆடி முடித்துவிட்டது.

“நன்றி,” என்றார் நன்றி சார், கையிலிருந்த ஸ்டாப்வாட்சிடம்.

சோதனைக்கூடமே அவரை அப்படித்தான் கூப்பிடும். திருகாணி உருண்டு வந்து காலில் இடித்தாலும் அதற்கு ஒரு நன்றி சொல்வார். படகு எஞ்சினை உத்தரத்திலிருந்து மூன்று கம்பிகளில் தொங்கவிட்டு, லேசாகத் திருகிவிட்டு, அது ஆடும் வேகத்தை வைத்துச் சுழல் நிலைமத்தைக் கணக்கிடுவது அவர் வேலை. அதாவது, திருப்பினால் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்ற கணக்கு. இந்த எஞ்சினோ முரண்டே பிடிக்கவில்லை.

“எஞ்சின் வரைபடக் கணக்குப்படி அறுபது. அது பொய் சொல்லாது. உங்க கம்பிதான் பொய் சொல்லுது,” என்றார் மேனேஜர். “நாலு மணிக்குள்ள ஒத்து வரலைன்னா கம்பியெல்லாம் கழட்டிருவேன். நாளைலேர்ந்து ஸ்டோர்ல நட்டு பொறுக்குங்க.”

“நாலு மணி வரைக்கும் விட்டீங்களே, நன்றி, சார்!”

மின்விசிறிதான் குற்றவாளி என்று நிறுத்தினார். வியர்வை அருவியாய்க் கொட்டியது, ஸ்டாப்வாட்ச் பொத்தான் வழுக்கியது, ஐம்பத்து மூன்று. கம்பி தளர்ந்திருக்கும் என்று இழுத்துக் கட்டினார். கம்பி குட்டையானதும் எஞ்சின் படபடவென்று துடித்தது, நாற்பத்தெட்டு!

மனைவிக்கு போன் போட்டு அழுதார்.

“ஸ்டோர்ல ஃபேன் இருக்கா?” என்றாள் அவள்.

“விசாரிச்சதுக்கு நன்றிம்மா.”

மணி மூன்றே முக்கால். “கதவுக் காத்து! யாராவது கதவைச் சாத்துங்களேன்!” என்று அலறினார்.

கதவுக்கு முட்டாக இருந்த வட்ட இரும்பை நகர்த்தக் குனிந்த மேனேஜர், குனிந்தபடியே நின்றுவிட்டார். அதன் விளிம்பைச் சுற்றிலும் பற்கள். ஓடிப்போய் எஞ்சினின் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே, கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி வெறிச்சென்று இருந்தது.

“ஐயையோ, உள்ள ஃப்ளைவீலே இல்ல! முரண்டு பிடிக்க வேண்டிய கனச் சக்கரம் கதவடியில கெடக்கு! இது படகுல ஏறியிருந்தா ஸ்டார்ட்டே ஆகாம மானம் போயிருக்கும். உங்க கம்பி சத்தியவாக்கு சார்! வாழ்க்கையில முதல் தடவையா நான் சொல்றேன், நன்றி!”

கைத்தட்டலில் கூரைத்தகடு நான்கு அங்குலம் எழும்பி இறங்கியது. நன்றி சார் கண்கலங்கி, மூன்று கம்பிகளுக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார்.

“அது சரி, இதைக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்த மகானுபாவன் யாரு?” என்று மேனேஜர் கர்ஜித்தார்.

கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, நன்றி சாரைப் பார்த்தாள்.

“என்ன சார், மறந்துட்டீங்களா? எஞ்சின் வந்த பெட்டியில இது தனியாக் கெடக்குன்னு கொண்டாந்து கேட்டேனே. நிமிர்ந்துகூடப் பாக்காம நீங்கதானே, ‘ரொம்ப நன்றிக்கா, கதவு அடிச்சுக்குது, அங்க வைங்க’ன்னீங்க!”