காட்சிசாலைக்குப் போன உலக்கை

தா.பழூர் வட்டாரத்தில் ஆடு திருடியவர்கள் உண்டு. வைக்கோல் திருடியவர்கள் உண்டு. வாய்க்கால் தண்ணீர் திருடாதவர்களே இல்லை. ஆனால் சொந்த வீட்டிலேயே உலக்கை திருடியவர் இளையபெருமாள் ஒருவர்தான்.

எல்லாம் வாயால் வந்தது. கொள்ளிடத்து அணையைக் கட்டியதே தன் முப்பாட்டன்தான் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் முப்பாட்டன் அங்கே சுண்ணாம்பு சுமந்தார். நாலைந்து வருஷத்தில் கொத்தனார் ஆனார். பத்தாம் வருஷ வாக்கில், வெள்ளைக்காரத் துரை எங்கே அணை போடுவது என்று தெரியாமல் முழிக்க, முப்பாட்டன் குச்சியால் மணலில் கோடு கிழித்துக் காட்டினார் என்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டார். செத்த பிறகு இத்தனை பதவி உயர்வு வாங்கிய மனிதர் வேறு யாருமில்லை.

எதிர் பெஞ்சில் உட்காரும் சாமிதுரைக்கு இது பொறுக்கவில்லை. அவர் இளையபெருமாளுக்கு மைத்துனன் முறை.

"மாப்ள, அணைய உங்க முப்பாட்டன் கட்டுனாரு, சரி. அதுக்கு ஒரு அத்தாட்சி வேணாமா?"

"அணைதான்யா அத்தாட்சி! நிக்குதுல்ல?"

"அது நிக்குது. உன் பேச்சுதான் நிக்க மாட்டேங்குது."

அந்த ஆனி மாதம்தான் அணைக்குப் பக்கத்துப் பழைய பங்களாவில் ஒரு சின்னக் காட்சிசாலை திறந்தார்கள். ஜீப்பில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அணை கட்டிய காலத்துப் பொருள் யாரிடமாவது இருந்தால் கொடுக்கலாம், கொடுப்பவர் பெயர் பலகையில் எழுதி வைக்கப்படும் என்றார்கள்.

பெயர்! பலகையில்! இளையபெருமாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பரண், குதிர், மாட்டுக் கொட்டகை, ஒன்று விடாமல் தேடினார். அணையையே கட்டிய முப்பாட்டன் வீட்டுக்கு ஒரு ஆணியைக்கூட விட்டு வைக்கவில்லை. கடைசியில் அவர் கண் அடுப்படி மூலையில் போய் நின்றது. அங்கே அவர் மனைவி சிந்தாமணியின் உலக்கை சாத்தியிருந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்தின்போது அவள் பிறந்த ஊரான செந்துறையிலிருந்து சீரோடு வந்தது. கறுத்து, கை பட்ட இடம் தேய்ந்து, நுனியில் இரும்புப் பூண் போட்டு, பார்த்தால் நூற்றைம்பது வயசு சொல்லலாம்.

விடியற்காலையில் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். பத்து மணிக்குக் காட்சிசாலையில் பலகை ஏறிவிட்டது: "அணையின் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்பு இடித்த உலக்கை. அன்பளிப்பு: திரு. இளையபெருமாள்." அந்தத் 'திரு'வை அவர் நாலு தரம் படித்தார். கல்யாணப் பத்திரிகையில்கூட அவருக்கு அது விட்டுப்போயிருந்தது. நேரே டீக்கடைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள் என்று சாமிதுரைக்குச் சவாலும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் சிந்தாமணி இடுப்பில் கை வைத்து அடுப்படி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, உலக்கையக் காணும்."

"உலக்கையா? எந்த உலக்கை?"

"நம்ம வூட்டுல ஏழெட்டா இருக்கு? ஒண்ணுதான்."

"எங்கயாச்சும் வெச்சிருப்ப."

"மூக்குத்தியா அது, மறந்து வெக்கிறதுக்கு? ஏங்க, பித்தளைக் குடம் இருக்கு, செம்புத் தவலை இருக்கு. அதையெல்லாம் தொடாம உலக்கைய மட்டும் ஒருத்தன் எடுத்துட்டுப் போயிருக்கான்னா, அவன் எப்படிப்பட்டவனா இருப்பான்?"

"தெரியலியே."

"மூளை கொஞ்சம் கம்மியா இருக்குமோ?"

இளையபெருமாள் மோர் கேட்டார்.

மூன்று நாள் சிந்தாமணி தெருத் தெருவாக விசாரித்தாள். நாலாம் நாள் முடிவு சொன்னாள்.

"வர்ற திங்கக்கெழம சிறுவாச்சூர் போறேன். அம்மன் சன்னிதியில மொளகா அரைச்சு, எடுத்தவன் எந்தக் கையால எடுத்தானோ, எந்தத் தோள்ல வெச்சானோ, நீயே பாத்துக்கன்னு சொல்லிட்டு வந்துடுறேன்."

இளையபெருமாளுக்கு அப்போதே வலது தோள் விண்ணென்று தெறித்தது. சாயங்காலம் கையைத் தூக்க முடியவில்லை. சிந்தாமணி வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள்.

"எப்படிங்க புடிச்சுது? கனமா எதையாச்சும் தூக்குனீங்களா?"

"இல்லியே!"

"நீட்டமா?"

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அதில் எண்ணெய்ப் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அன்றிலிருந்து இந்த ஒரு கேள்விதான் அவரைப் போட்டுக் குடைந்தது.

"சிறுவாச்சூருக்கு மூணு பஸ் மாறணும் புள்ள. ஒரு உலக்கைக்குப் போயி..."

"அப்ப அது வேணாம். அணைக்கிட்ட ஏதோ காட்சிசாலை தொறந்துருக்காங்களாமே. அடுத்த வூட்டு கமலவேணி பாத்துட்டு வந்து வாய் ஓயாம பேசுறா. நாயித்துக்கெழம அங்க கூட்டிட்டுப் போங்க. மனசு ஆறிப்போச்சுன்னா சிறுவாச்சூர விட்டுடுறேன்."

இந்தப் பக்கம் அம்மன், அந்தப் பக்கம் பலகை. இளையபெருமாள் ராத்திரி முழுக்க யோசித்து ஒரு திட்டம் போட்டார். காட்சிசாலைக்கே போவது. தான் முன்னால் நுழைந்து, தோள் துண்டை எடுத்துப் பலகை மேல் போட்டுவிடுவது. பலகையில்லாத உலக்கை வெறும் உலக்கை. உலகத்தில் எல்லா உலக்கையும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அவர் நம்பினார். அவர் ஒரு நாளும் ஒன்றைக் கையில் பிடித்து இடித்தவரில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் ஓட்டமும் நடையுமாக முன்னால் போனார். திட்டம் வாசலிலேயே படுத்துவிட்டது. உலக்கைக்கு முன்னால் சாமிதுரை நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கும் உலக்கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

அதற்குள் சிந்தாமணி உள்ளே வந்துவிட்டாள். காட்சிசாலையைப் பார்த்துக்கொள்ளும் குருநாதன் ஒல்லியான மனிதர். ஆள் வராமல் வாடிப்போயிருந்தார். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்லத் தயாராக இருந்தார். சிந்தாமணி ஒன்பது கேள்வி கேட்டாள்.

அறை நடுவில் அணையின் மாதிரி இருந்தது. முழ நீளம், சின்னச் சின்ன ஷட்டர், கைப்பிடி, அதில் நிஜத் தண்ணீர்.

"இந்த ஓரத்துல மட்டும் ஏன் சார் வாய் தாழ்ந்துருக்கு?"

"அது மணல்போக்கிம்மா. வெள்ளத்துல வர்ற மணல் அணைக்கு முன்னாடி தேங்கிடாம அது வழியா வெளிய போயிடும்."

"தேங்குனா என்னாவும்?"

"மேடு தட்டிடும். தண்ணி நிக்காது."

"பதினாலு வருஷமா அடைச்சு வெச்சதெல்லாம் போறதுக்கும் ஒரு வழி வெச்சிருக்காங்க பாருங்க," என்றாள் சிந்தாமணி, கணவரைப் பார்க்காமலே. பிறகு கைப்பிடியைத் தானே சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடியதும் பத்து வயசுப் பெண் மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இளையபெருமாளுக்கே ஒரு நிமிஷம் உலக்கை மறந்துபோனது. இவளை எங்கேயாவது அழைத்துப் போயிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்து, தண்ணீருக்குள் இறங்கி ஷட்டர் பழுது பார்ப்பவன் தலையில் மாட்டும் செம்புக் கவசம்.

"இதப் போட்டுக்கிட்டா வெளிய பேசுறது கேக்குமா சார்?"

"ஒண்ணும் கேக்காதும்மா."

"எங்க வூட்டுக்காரருக்கு இது இல்லாமலே கேக்காது."

இப்படியே வரைபடம், நீர்மட்டக் குழாய், துருப்பிடித்த சங்கிலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சிந்தாமணி உலக்கையை நெருங்கிக்கொண்டே வந்தாள். அங்கே சாமிதுரை பூணுக்குள் விரலை விட்டு எதையோ நோண்டி எடுத்தார்.

"மாப்ள! இங்க வா. சார், நீங்களும் வாங்க. இது சுண்ணாம்பு இடிச்ச உலக்கைதானே? இதுல கம்பு எப்படி வந்துச்சு?"

அவர் விரல் நுனியில் கம்புத் தவிடு ஒட்டியிருந்தது. குருநாதன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அறையில் இருந்த நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். சிந்தாமணி பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். 'திரு'வில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

இளையபெருமாளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. பலகை இறங்கும். நாளைக் காலையில் டீக்கடை சிரிக்கும். இனி அந்தப் பெஞ்சில் உட்காரவே முடியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே," என்றாள் சிந்தாமணி. "சுண்ணாம்பு இடிச்சது அவங்க முப்பாட்டன். கம்பு இடிச்சது நானு. பரம்பரையா வர்ற சாமானச் சும்மா சாத்தியா வெப்பாங்க?"

சாமிதுரையின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் குருநாதன். "அந்தக் காலத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் புழக்கத்துல இருந்துருக்கு! இது இன்னும் விசேஷம்மா." உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

இளையபெருமாள் கண்ணைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் மனைவியை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. அந்த அழகு அரை நிமிஷம் இருந்தது.

"சார்," என்றாள் அவள், "உலக்கை மட்டும்தான் குடுத்தாரா? உரலு?"

"உரலும் இருக்காம்மா?"

"உரல் இல்லாம உலக்கைய வெச்சு எதை இடிச்சிருப்பாங்க? இருக்கு. திருகையும் இருக்கு. சுண்ணாம்புக்குச் செங்கல்லு பொடிச்சது. ஆட்டுக்கல்லு ஒண்ணு கெடக்கு. அது எதுக்குங்க?" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் சொல்லுவீங்களே, முப்பாட்டன் அதுல கடுக்காய் ஆட்டி சுண்ணாம்புல ஊத்துனாருன்னு?"

சாமிதுரை இளையபெருமாளைப் பார்த்தார். குருநாதனும் பார்த்தார். இல்லை என்று சொன்னால் உலக்கையும் இல்லை, முப்பாட்டனும் இல்லை.

"ஆமா," என்றார் இளையபெருமாள். "கடுக்காய்."

"அம்மிய மட்டும் நான் வெச்சுக்குறேன் சார். கொழம்புக்கு வேணும். மொளகாயும் அரைக்க வேண்டியிருக்கும்."

மறுநாளே ஜீப்புக்குப் பின்னால் வண்டி மாட்டிக்கொண்டு வருவதாகக் குருநாதன் சொன்னார். சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு குழறியது. "அம்மா, ஆடிப்பெருக்கு அன்னிக்கு இங்க ஜனம் கூடும். சுண்ணாம்பு எப்படி இடிச்சாங்கன்னு யாராவது இடிச்சுக் காட்டுனா ரொம்ப நல்லா இருக்கும்."

"இவரே இடிச்சுக் காட்டுவாரு சார். ரத்தத்துல ஊறுனதுல்ல?"

திரும்பி வரும் பஸ் அணைக்கரையிலிருந்து மூன்று நிறுத்தம் தாண்டியது. இளையபெருமாள் தாங்க முடியாமல் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க சாக்குல சுத்துறப்பவே. கயிறு கெடைக்காம தடவுனீங்களே, கொடிக் கயிற அவுத்து உங்க காலடியில போட்டது யாரு?"

"அப்பவே ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல!"

"ஏன் கேக்கணும்? கல்யாணம் ஆனதுலேர்ந்து மில்லுல அரைச்சுக்கலாம், மில்லுல அரைச்சுக்கலாம்னு கெஞ்சுறேன். மில்லு மாவுல கரண்டு வாடை அடிக்குதுன்னீங்க. கையிடி மாவுதான் எறங்கும்னீங்க. இனிமே கரண்டு வாடை அடிச்சாலும் மூக்கப் பொத்திக்கிட்டுச் சாப்புடுங்க."

"அதுக்குச் சிறுவாச்சூர் அம்மனை இழுக்கணுமா?"

"இல்லன்னா நீங்க அணைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் உரல், திருகை, ஆட்டுக்கல் மூன்றும் வண்டியேறின. நாலு ஆள் பிடித்துத் தூக்கினார்கள். அடுப்படி விசாலமாகிவிட்டது. சிந்தாமணி அந்த இடத்தில் ஒரு பாயைப் போட்டு மத்தியானம் தூங்கினாள். கம்பும் கேழ்வரகும் நிரப்பிய டின்னோடு மில் வாசலில் பெண்கள் வரிசையில் நிற்கிற வேலை இளையபெருமாளுக்கு வந்து சேர்ந்தது.

ஆடிப்பெருக்கு வந்தது. அணை மேல் ஆள் நடக்க இடமில்லை. காட்சிசாலை முற்றத்தில் உரலை நட்டுவைத்து, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார் குருநாதன். அணையைக் கட்டியவரின் கொள்ளுப்பேரன் இதோ என்று மைக்கில் அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. இளையபெருமாள் புது வேட்டியை மடித்துக் கட்டி, உலக்கையோடு உள்ளே வந்தார். முன் வரிசையில் சாமிதுரை. பலகையில் நாலு இடத்தில் தன் பெயர். இதற்காக எவ்வளவு பட்டாலும் தகும் என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது கயிற்றைத் தூக்கிக்கொண்டு சிந்தாமணி உள்ளே வந்தாள். கையில் ஊறவைத்து வடித்த பச்சரிசி, சல்லடை, முறம்.

"சுண்ணாம்பு தெறிச்சா கொழந்தைங்க கண்ணுக்கு ஆகாது சார். அரிசியப் போட்டு இடிக்கட்டும். சாமிக்கு மாவிளக்கு போடணும், அதுக்கு மில்லு மாவு ஆகாது."

நியாயம் என்றார் குருநாதன். இளையபெருமாள் இடித்தார். முதல் பத்து குத்துக்குக் கூட்டம் எண்ணியது. இருபதில் மூச்சு வாங்கியது. முப்பதில் உலக்கை உரலுக்கு வெளியே ஒரு தரம் இறங்கி, குருநாதன் இரண்டடி பின்னால் போனார். கூட்டத்தில் கமலவேணி தன் அரிசியையும் நனைத்து எடுத்து வந்து முறத்தோடு நிற்பது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டு முறம்.

வேர்வை கண்ணில் இறங்க, இளையபெருமாள் உலக்கையைச் சாத்திவிட்டு நிமிர்ந்தார். கை தட்டல் எழுந்தது. சிந்தாமணி மாவை அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலித்தாள். முக்கால்வாசி மாவாகாமல் கப்பியாக மேலேயே நின்றது. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அதை மறுபடியும் உரலில் கொட்டினாள்.

"முப்பாட்டன் இப்படி இடிச்சிருந்தா அணை அந்த வருஷமே போயிருக்கும். இடிங்க."