குரைத்த பூனை

புன்னைமுனையில் கட்டாக்காலி நாய் என்று ஒன்று கிடையாது. இருக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு நாய்களுக்கும் வீடு உண்டு, உரிமையாளர் உண்டு, பெயர் உண்டு, விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றியதற்கு மஞ்சள் அட்டையும் உண்டு. இது ஊர்ப்பேச்சு அல்ல. அரசாங்கத்தின் நிலைப்பாடு. கோப்பு இலக்கத்தோடு இருக்கிறது.

அந்த நிலைப்பாட்டைத் தன் கைப்பட எழுதியவர் காலிதீன். நாய்க்கடித் தடுப்புப் பிரிவின் வெளிக்கள உத்தியோகத்தர், வயது நாற்பத்தேழு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பொய்யைக்கூட அந்தக் கையெழுத்தில் படித்தால் நம்பத்தான் தோன்றும்.

ஆளைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னம் ஐஸ் பெட்டியில் ஊசி மருந்து வந்து இறங்கியபோது அவர் உண்மையாகவே நாய் பிடிக்கப் போனார். வலை தூக்க இரண்டு பேர். காலையிலிருந்து நண்பகல் லுஹர் பாங்கு வரை ஓடி ஒரேயொரு நாயைப் பிடித்தார்கள். அது பொலிஸ்காரர் ஒருவர் வளர்த்த நாய், ஏற்கெனவே ஊசி போட்டது. வலைக்காரர் இருவரும் அன்றைக்கே கழன்றுகொண்டார்கள். பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மேலிடம் வெள்ளிக்கிழமைக்குள் நூறு வீதம் கேட்டிருந்தது.

வியாழக்கிழமை காலிதீன் வலையை வைத்துவிட்டுப் பதிவேட்டைத் தூக்கினார்.

நாயின் ஈரமூக்கு பட்டால் ஏழு தரம் கழுவுகிற ஊர் அது. எந்த வளவுக்குள்ளும் நாய் கிடையாது. முதல் வீட்டில் விரட்டிவிட்டார்கள். இரண்டாவது வீட்டுப் பெண், "இது என்ன லிஸ்ட்?" என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்க முதலே பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டாள். பட்டியலில் பேர் விடுபட்டுப் போனால் பிறகு யார் அலைவது? பதினொரு மணிக்கெல்லாம் ஆட்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்கு இரண்டு நாய் கொடுத்ததாம், தனக்கு ஒன்றுதானாம் என்று ஒருவர் சண்டை பிடித்தார். 'நாயின் பெயர்' என்ற இடத்தில் இன்னொருவர் யோசித்துப் பார்த்துத் தன் மச்சானின் பெயரைச் சொன்னார். பொழுது சாய முதல் புன்னைமுனை நூறு வீதத்தை அடைந்தது. கெட்டுப்போன மருந்து வடிகானை அடைந்தது.

மூன்று வருடம் நிம்மதியாகப் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டுக் காலிதீன் கடற்கரைக்குப் போனார். கரைவலையில் கீரி மீன் நிறையப் பட்டிருந்தது. ஒரு பை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, செம்மண் நிறத்தில், இடக்காது பாதியில்லாத நாய் ஒன்று பின்னால் வந்தது. மீனை விட்டுவிட்டு அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியது. ஒரு சாண் அகலத்துக்குப் பல் பதிந்தது. அது யாருடைய நாய் என்று சுற்றியிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முஹ்ஸின் முதலில் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவச் செய்தார். தாதி சுஜித்தா மிஸ் தோளில் ஒரு ஊசி போட்டாள்.

"நாய்க்கடிக்கான ஊசி இதானே மிஸ்?"

"இல்ல சேர். இது ஏற்பு வலி வராம இருக்க. ஆணி குத்தினாலும் இதத்தான் போடுற. விசருக்கு வேற ஊசி. அத டொக்டர்தான் சொல்லணும்."

பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த கிழவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "மகள், அந்த ஊசியில கொஞ்சம் எனக்கும் போட்டுடுங்களன். முழங்கால் நோவு."

"அது வேற வருத்தத்துக்கு அப்பா."

"ஊசி எண்டா ஊசிதானே. உள்ளுக்குப் போய் அது தேடிப் புடிச்சுக்கும்."

டொக்டர் கணினியில் 'நாய்' என்று அடித்தார். 'புன்னைமுனை' என்று அடித்தார். திரை சிவந்தது. 'தடுப்பூசி ஏற்றப்பட்ட வீட்டு நாய். கடியுண்டவருக்கு ஊசி அவசியமில்லை. நாயைப் பதினான்கு நாட்கள் அவதானிக்கவும்.'

"வேற ஊருக்குப் போய் வந்தீங்களா?" என்றார் டொக்டர்.

"இல்ல டொக்டர், நம்மட கடற்கரையிலதான். கட்டாக்காலி."

"கட்டாக்காலி பூச்சியம் எண்டுதான் இரிக்கி. தரவு தந்தவர்..." டொக்டர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "காலிதீன். நீங்களா அது?"

"ஓம்."

"நல்ல வேலை செஞ்சிரிக்கீங்க. இப்பிடி ஒரு ஊர நான் கண்டதே இல்ல."

காலிதீன் குரலைத் தாழ்த்தினார். "டொக்டர், அது முழுக்கச் சரியெண்டு சொல்லேலா."

"எத்தின வீதம் சரி?"

"ஒரு நாய். பொலிஸ்காரர்ர."

டொக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "அந்தத் தரவு பிழை எண்டு எழுதித் தாங்க. இந்த நிமிசமே ஊசி போடுறன். விசர் வந்தா மருந்தில்ல, விளங்குதா? வர முதல்தான் எல்லாம்."

எழுதிக் கொடுத்தால் வேலை போகும், பென்ஷன் போகும். எழுதிக் கொடுக்காவிட்டால் உயிர் போகும். அரசாங்க உத்தியோகத்தர் என்றபடியால் காலிதீன் யோசிக்க அவகாசம் கேட்டார்.

பதிவேட்டைப் புரட்டியதில் நூற்று எண்பத்தேழாம் இலக்கம் அகப்பட்டது. செம்மண் நிறம், இடக்காது பாதி. அன்றைக்குத் தெருவில் படுத்திருந்த நாயைப் பார்த்து அவரே எழுதியது. பெயர் ராஜா. உரிமையாளர் அச்சிமுகம்மது, நெல் வியாபாரி, இரண்டு தரம் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். நொண்டிக்கொண்டே அவருடைய வீட்டுக்குப் போனார்.

"காக்கா, உங்கட நாய் என்னக் கடிச்சிட்டு" என்றார், அண்ணனிடம் முறையிடுகிற குரலில்.

"என்ட வளவுக்குள்ள நாயா? அஸ்தஃபிருல்லாஹ்!"

"கையெழுத்து வெச்சிரிக்கீங்க."

அச்சிமுகம்மது மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான். "ஏதோ நிவாரணம் எண்டு நெனச்சில்லா வெச்ச!"

"அப்ப நாய் இல்லெண்டு ஒரு கடிதம் தாங்க. நான் உயிர் பொழச்சிருவன்."

"இல்லெண்டு எழுதினா அண்டைக்கு நான் பொய்ச் சாட்சி சொன்ன மாதிரி ஆகாதா? அது ஏலா. நாய் என்டதான்."

"சரி. அப்ப புடிச்சுக் கட்டுங்க. பதினாலு நாள் பார்க்கணும்."

"நாய நான் தொடுறதா?"

"உங்கட நாய்தானே காக்கா?"

"எழுத்தில என்ட நாய். தொடுறதுக்கு இல்ல." உள்ளே போய்த் திரும்பி வந்தார். மஞ்சள் அட்டையை லெமினேட் பண்ணி வைத்திருந்தார். "பாருங்க, ஊசியும் போட்டிரிக்கி. நீங்க பயப்படத் தேவல்ல."

காலிதீன் தனியாகக் கடற்கரைக்குப் போய், ராஜாவைக் கண்டுபிடித்து, பத்து முழம் தள்ளியிருந்து அவதானித்தார். பாண் வாங்கிப் போட்டார். அது பாணைத் தின்றது, வாலை ஆட்டியது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மீன் லொறி ஒன்று இறக்காமம் என்ற ஊருக்குப் புறப்பட்டது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் ராஜா ஏறி உட்கார்ந்திருந்தது. காலிதீன் கைகாட்டினார். லொறிக்காரன் பதிலுக்குக் கைகாட்டிவிட்டுப் போனான்.

அவதானிப்புப் படிவத்தில் அவர் முத்து முத்தாக எழுதினார்: 'முதலாம் நாள். நாய் சுகமாக உள்ளது. எங்கே என்று தெரியாது.'

வீட்டில் மனைவி சிபானா விசர் வந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் பயப்படும் வீடியோ ஒன்றைப் போனில் பார்த்து முடித்திருந்தாள். அரைமணிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க."

"இப்பதானே குடிச்ச."

"குடிங்க எண்டு சொல்றன்!"

அவர் குடித்தார். ஒவ்வொரு மிடறையும் அவள் எண்ணினாள். ஆறாவது கிளாஸில் அவருக்கு உண்மையாகவே தண்ணீரைக் காணப் பயமாக இருந்தது. "போதும் புள்ள" என்று முகத்தைத் திருப்பினார். கிளாஸ் அவளுடைய கையிலிருந்து விழுந்து உடைந்தது. "பென்ஷன் எனக்கு வேணாம்" என்று நிலத்தில் குந்தி அழுதாள். "எழுதிக் குடுங்க. நீங்க இரிந்தா எனக்குக் காணும்."

மறுநாள் காலை காலிதீன் கடிதத்தை எழுதிக்கொண்டு பணிப்பாளர் கேதீஸ்வரனிடம் போனார். பணிப்பாளர் நல்ல மனிதர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்.

"ஆனா காலிதீன், உங்கட அறிக்கைய வெச்சு நான் ஒரு அறிக்கை குடுத்தன். அத வெச்சு மேல ஒரு அறிக்கை. அத வெச்சு வெளிநாட்டில ஒரு மாநாட்டில படம் போட்டுக் காட்டியிருக்காங்க. கீழ கல்ல உருவினா மேல ஆர் ஆரெல்லாம் விழுவாங்க, யோசிச்சீங்களா?"

"சேர், நான் செத்திருவன்."

"அது திணைக்களத்துக்குப் பெரிய இழப்புத்தான்." பணிப்பாளர் உண்மையாகவே கவலைப்பட்டார். "ஆனா தாங்கக்கூடிய இழப்பு."

காலிதீன் கடிதத்தோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். இனி எது போனாலும் போகட்டும் என்று மேசையில் வைத்தார். சுஜித்தா மிஸ் அதை எடுத்து வாசித்துவிட்டு மடித்து அவருடைய சட்டைப் பைக்குள்ளேயே வைத்தாள்.

"சேர், கடிச்சது நாய்தானா?"

"இதென்ன கேள்வி மிஸ்?"

"நாய் எண்டாத்தான் கணினி அட்டை கேக்கும், உரிமையாளர் கேக்கும். பூனைக்கு ஒண்டும் கேக்கிறல்ல. ரெண்டுக்கும் ஊசி ஒண்டுதான். பூனை கடிச்சாலும் விசர் வரும்தானே?"

டொக்டர் முஹ்ஸின் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு சாண்.

"பெரிய பூனை."

"ஓம் டொக்டர்."

"வேற ஏதும் அடையாளம்?"

"குரைச்சது" என்றார் காலிதீன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது.

டொக்டர் 'பூனை' என்று அடித்தார். திரை பச்சையானது. காயத்தைச் சுற்றி மருந்து ஏற்றினார்கள், அது நெருப்பாக எரிந்தது. பிறகு இரண்டு தோளிலும் தடுப்பூசி. மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாளும் தவறவிடாமல் போனார். சிபானாவும் கூடவே போய், ஊசி உள்ளே போகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

இப்படியான செய்தி புன்னைமுனையில் நிற்குமா? அடுத்த ஆறு மாதத்தில் நாற்பத்தொரு பேரைப் பூனை கடித்தது. மீன் ஏலம் கூறுகிற இடத்தில் கடித்தது, மோட்டார் சைக்கிளைத் துரத்திக் கடித்தது. தபால்காரரை இரண்டு பூனைகள் சேர்ந்து வயல் வரம்பு வரை விரட்டிக்கொண்டு போனதாக அவரே வாக்குமூலம் கொடுத்தார்.

புன்னைமுனைப் பூனைகளின் போக்குக் குறித்து மேலிடம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது. ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் செயலமர்வு நடந்தது. 'கரையோரப் பூனைகளில் கோபம்' என்று நிபுணர் ஒருவர் படம் போட்டு விளக்கினார், நடுவில் புரியாணி கொடுத்தார்கள். முடிவில் ஆயிரம் பூனை ஊசி வந்து இறங்கியது. அனுபவமுள்ளவர் என்று காலிதீனிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள்.

இந்த முறை அவர் மாறிய மனிதர். தண்ணீர்க் கிளாஸை மறக்கவில்லை. மருந்தை ஐஸில் வைத்து, தடித்த கையுறை போட்டு, ஒவ்வொரு பூனைக்கும் தன் கையால் ஊசி போடுவதென்று பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டார்.

"பூனை இரிக்கா தாத்தா?" என்று முதல் வீட்டுப் பெண்ணிடம் அக்கா முறை வைத்துக் கேட்டார்.

"இல்ல."

"மடியில இரிக்கிறது?"

"இது பக்கத்து வீட்டுது."

பக்கத்து வீட்டில் கேட்டார். தெருவுக்குப் பொதுவானது என்றார்கள். பூனை வளர்க்கிற வீட்டை வசதியுள்ள வீடு என்று பதிந்து நிவாரணப் பட்டியலால் வெட்டப்போகிறார்கள் என்று ஊரில் கதை பரவியிருந்தது. நான்கு நாள் அலைந்தார். கூப்பிட்ட குரலுக்குக் கூரையிலிருந்து குதித்து வந்த பூனைகளைக்கூட ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் ஊர் சொன்னதை அப்படியே எழுதினார்: 'பூனைகள் பூச்சியம்.' அவர் எழுதியதிலேயே நேர்மையான அறிக்கை அதுதான்.

நாயும் பூனையும் தொல்லை தராத முன்மாதிரிக் கிராமத்தைப் பார்வையிடப் பணிப்பாளர் கேதீஸ்வரன் தானே வந்தார். கடற்கரையில் இறங்கி நின்று, காற்றை ரசித்து, "அருமை" என்றார். அந்தச் சொல் முடிய முதல் வெள்ளை நாய் ஒன்று அவரைப் பின்னால் கடித்தது.

ஆஸ்பத்திரியில் பணிப்பாளர் கவிழ்ந்து படுத்திருந்தார். படிவத்தை நிரப்பப் பேனையோடு காலிதீன் பக்கத்தில் நின்றார்.

"என்ன போடுவம், காலிதீன்?"

"நாய் ஏலா சேர். எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சி. நீங்க கையெழுத்து வெச்சிரிக்கீங்க."

"பூனை?"

"பூச்சியம் சேர். அதுக்கும் வெச்சிரிக்கீங்க."

"நரி எண்டு போடுங்க."

"அது வேற திணைக்களம். கடிதம் போட்டுப் பதில் வர மூணு மாசம்."

பணிப்பாளர் தலையணையில் முகத்தைப் புதைத்தார். "அப்ப நம்மட அதிகாரத்துக்குள்ள மிச்சம் என்ன பிராணிதான் இருக்கு?"

"மனிசன்தான் சேர்."

"போடுங்க" என்றது தலையணை.

திரை பச்சையானது. பணிப்பாளர் பிழைத்துக்கொண்டார். ஊர் ஆட்களும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதத்திலேயே இன்னும் பதினேழு பேரை மனிதர்கள் கடித்தார்கள்.

இப்போது மேலிடத்திலிருந்து புதிய சுற்றறிக்கை வந்திருக்கிறது. புன்னைமுனையிலுள்ள கடிக்கும் மனிதர்கள் அனைவரையும் வீடு வீடாகப் பதிய வேண்டும். நேற்றுக் காலை காலிதீன் பதிவேட்டோடு றாஹிலா என்ற பெண்ணின் வாசலில் போய் நின்றார். உத்தியோக முறைப்படி தொண்டையைச் செருமிக்கொண்டு முதலாம் கேள்வியை வாசித்தார்.

"நீங்க ஆக்களக் கடிப்பீங்களா?"

றாஹிலா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"எப்பிடிச் சொன்னா தருவாங்க?"