எதிரியே இல்லாத வழக்குக்கு மூன்று சட்டத்தரணிகள்

இதை எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், றப்பர் தொழிற்சாலையின் புகையறையில் றப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கிய சீட்களைத் தொங்கவிட்டு, புரட்டி, எடுத்து அடுக்குவது என் வேலை. நானாக விரும்பிக் கேட்டு வாங்கிய வேலை அது (கேட்டது என் மனைவி). அந்தப் புகைக்குள் நின்று யாரும் என்னோடு பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவன் பேனாவைத் தூக்கியதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை. இந்தக் கதையை என் வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் போகிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொல்லி வருகிறார்கள். போகிற போக்கைப் பார்த்தால் சட்டத்தரணிகள் ஏழு பேர் ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது. மூன்று பேர்தான் என்பதையாவது எழுத்தில் வைத்துவிட வேண்டும்.

கூச்சப்படுகிறவர்கள் பேச மாட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. ஒரே ஒரு சொல்லை நாங்கள் நாள் முழுக்கப் பேசுவோம். ‘சரிங்க’ என்பது அந்தச் சொல். ‘வேண்டாம்’ என்பதுதான் எங்கள் வாயில் வராது.

என் தங்கை காய்ச்சலில் போனபோது அவள் மகள் தர்ஷினிக்குப் பேச்சே முழுதாக வரவில்லை. எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை எங்களிடம் வந்தது, அப்படியே வளர்ந்தது. தகப்பன் செல்வராஜ் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அவிசாவளைப் பக்கம் மறுபடி கல்யாணம் கட்டி, அங்கேயும் ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது. நல்ல மனிதர். ஆனால் பாடசாலையில் பெற்றோர் கையெழுத்துக் கேட்கிற நாட்களில் தர்ஷினி வீட்டுக்கு வந்து யாரோடும் பேச மாட்டாள். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சரோஜாவிடம் கேட்டாள்:

“அத்தே, என்னைய யாராச்சும் வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவாங்களா?”

அன்றைக்குத்தான் அவளைச் சட்டப்படி தத்து எடுப்பது என்று முடிவு செய்தோம். செல்வராஜ் போனிலேயே சம்மதித்தார். “லீவுல வாறேன் மச்சான். கோர்ட்டுல நின்னு சொல்லிட்டுப் போறேன்” என்றார். அவருக்குக் கிடைத்தது சின்ன லீவு. அதை விட்டால் அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம். தகப்பன் நேரில் வந்து நீதிபதியிடம் சம்மதம் சொல்லியாக வேண்டும் என்றார்கள். அந்த ஒரு நாளைத்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

சட்டத்தரணியைத் தேடி நான்தான் போனேன். நீதிமன்றத் தெருவில் வரிசையாகப் பெயர்ப் பலகைகள். ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்து, எந்த அறையில் ஆட்கள் குறைவோ அதற்குள் நுழைந்தேன். சட்டத்தரணியைத் தேர்ந்தெடுக்கிற முறை இதுவல்ல என்று பிறகு பலர் சொன்னார்கள். ஆனால் இந்த விஷயத்தில் நான் செய்ததிலேயே சரியாக அமைந்தது அது ஒன்றுதான்.

உள்ளே இருந்தவர் ரிஸானா மிஸ். மாவனல்லைக்காரர், ‘இருக்கிறது’ அவர் பேச்சில் ‘ஈக்கிறது’ ஆகும். மெதுவான குரல்.

“இருங்க. ஏன் நிண்டுட்டே ஈக்கிறீங்க?” என்றார்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். அவர் எழுந்து வந்து நாற்காலியை என் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினார். உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கேள்வி கேட்டார், எழுதினார், மறுபடி கேட்டார். கடைசியில், “எங்கிட்ட எதையும் மறைக்க வாணாம். நல்லதோ கெட்டதோ இப்பவே சொல்லுங்க. கோர்ட்டுல மத்தவங்க சொல்லி நான் தெரிஞ்சுக்கப் படாது” என்றார். “சரிங்க” என்றேன். அன்றைக்கு மறைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சம்பாதித்துக்கொண்டேன்.

மனு போட்டார். நன்னடத்தை அதிகாரி வந்து லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பிராவைப் பார்த்து, தர்ஷினியின் பாடக் கொப்பிகளைப் புரட்டி, சரோஜாவின் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. என்னை அத்தோடு புகையறைக்குள் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும்.

விஷயம் எங்கள் தோட்டத் தலைவர் காதுக்குப் போனது. தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் அவர்தான் எல்லாம். கல்யாணமா, காணியா, கக்கூசா, அவரைக் கேட்காமல் நடக்காது.

“என்னப்பா, எனக்கு ஒரு வார்த்த சொல்லாம லோயர் பாத்துட்டியாமே?”

“இல்லீங்க தலைவரே, அது வந்துங்க…”

“பொம்பளப் புள்ள. நல்லாத்தான் பேசும். ஆனா மெதுவாப் பேசும். ஜட்ஜையா காதுல விழ வேணாமா? வா, நான் ஒரு ஆளக் காட்டுறேன். அவரு பேசுனா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் பயந்து பஸ்ஸுல ஏறிருவான்.”

“சரிங்க.”

அந்தச் சிங்களச் சட்டத்தரணி கொலை வழக்குகளில் பெயர் பெற்றவர். என்னைப் பார்த்ததும் “பய வென்ன எபா!” என்றார். பயப்படாதே என்று அர்த்தம். அவர் சொன்ன சத்தத்தில்தான் எனக்குப் பயமே வந்தது. தகப்பன் வெளிநாட்டில் என்றதும் மேசையில் ஓர் அடி. “அப்படியென்றால் பிள்ளையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனவன்!” அவர் கேட்டது கேள்வியா, சொன்னது தீர்ப்பா என்று எனக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று “சரிங்க” என்றேன். (எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். மொழி தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.)

மூன்றாமவரை யாரும் காட்டவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்ததால் வந்த வினை அது. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா. எங்கே போய் வருகிறாய் என்று கேட்டார். கோர்ட்டுக்கு என்றேன். அவ்வளவுதான், முகமெல்லாம் பூத்துவிட்டது. மகன் புதிதாகச் சட்டத்தரணியாகியிருக்கிறானாம், இன்னும் ஒரு வழக்கும் வரவில்லையாம். என் தரிப்பிடத்தில் நான் இறங்கவில்லை. அந்த அம்மாவின் தரிப்பிடத்தில், அவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் அந்தத் தம்பி இடுப்பில் கட்டிய சாரத்தோடு கரம் பலகையில் காய் அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அம்மா சொன்னதும் உள்ளே ஓடிப்போய்க் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். கீழே அதே சாரம்தான். அம்மா குத்துவிளக்கு ஏற்றினார். நல்ல காரியம் என்று பாற்சோறு சமைத்து, துண்டு துண்டாக வெட்டி வைத்தார். மகன் அம்மாவின் காலில் விழுந்து கும்பிட்டான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அந்த விளக்குக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். பாற்சோறு வேறு வாய்க்குள் இருந்தது.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. சட்டத்தரணிகள் நேரத்துக்கு வர மாட்டார்கள் என்று எல்லோரும் குறைப்படுகிறார்களே, அன்றைக்கும் இரண்டு பேர் வராமல் இருந்துவிடுவார்கள் என்பதுதான் அந்தத் திட்டம்.

மூன்று பேரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். அந்த அம்மாவும் வந்திருந்தார். வெள்ளைச் சேலை கட்டி, மகனின் முதல் வழக்கைப் பார்க்க முன் வரிசை வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். “மனுதாரர் சார்பில்…” என்று மூன்று இடத்தில் இருந்து மூன்று பேர் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது என் தலையில் விழுந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

இடிக்குரல் ஐயா யாருக்கும் காத்திருக்கவில்லை. கையில் இருந்த தாளை வாசிக்கத் தொடங்கினார். பூனைக்குட்டியைத் தெருவில் போடுவது போலப் பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டுக் கடல் கடந்து ஓடிய கொடியவன் ஒருவனைப் பற்றி அதில் இருந்தது. அந்தக் கொடியவன் இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்கு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “தகப்பனின் சம்மதத்தோடு என்றல்லவா மனுவில் இருக்கிறது? இந்த வழக்கில் எதிர்த்தரப்பு யார்?”

யாரும் இல்லை.

“நான் ஆட்சேபிக்கிறேன்!” என்றார் இடிக்குரல் ஐயா.

“யாரை?”

அவர் தாளைப் புரட்டி ஆளைத் தேடினார். அந்த இடைவெளியில் புதுக்கோட்டுத் தம்பி நீதிபதியை மரியாதையாக விளித்து, “சுவாமினி, நானும் ஆட்சேபிக்கிறேன்” என்றான். முன் வாங்கில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரிஸானா மிஸ் என்னை ஒரு முறை பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “மனுதாரர் வேறு ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தால் நான் விலகிக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் செல்வராஜ் வாயைத் திறந்தார். “நான் பிள்ளையைத் தூக்கிப் போட்டவன் என்றால், சம்மதம் சொல்ல நான் யார்? சொல்ல மாட்டேன்.”

நீதிபதி பெருமூச்சு விட்டார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மறுபடி எடுப்பதாகச் சொன்னார். அதற்குள் மனுதாரர் தன் சட்டத்தரணி யார் என்று தீர்மானித்துக்கொண்டு வர வேண்டும், தகப்பனும் ஒரு முடிவுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு வேறு தவணைக்குத் தள்ளிப்போகும்.

வேறு தவணை என்றால் செல்வராஜ் கட்டாரில் இருப்பார். தர்ஷினி சரோஜாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். மணிக்கட்டு வெளுக்கும் வரை சுற்றியிருந்தாள்.

விறாந்தையில் முதலில் சரோஜா பிடித்துக்கொண்டாள். “தீவாளிக்கு ஒரு சட்ட எடுக்கத் தெரியாது. லோயரு மட்டும் மூணு! ஒண்ணு போட்டுக்க, ஒண்ணு மாத்திக்க, ஒண்ணு தொவச்சுப் போடவா?”

“அவங்க கேட்டாங்க…”

“நாளைக்கி ஒருத்தன் வந்து பொண்டாட்டியக் கேப்பான். சரிங்கன்னு குடுத்துருங்க.”

செல்வராஜ் தூரத்தில் மதில் ஓரம் நின்றார். அவரிடம் போவதைவிடப் புகையறை அடுப்புக்குள் போவது எனக்குச் சுலபம். ஆனால் திரும்பிப் பார்த்தால் அந்த மணிக்கட்டு தெரிந்தது. போனேன்.

“மச்சான்.”

“பேசாதீங்க. வந்து எறங்குன நாள்லருந்து அந்தப் புள்ளைக்கி என்ன வாங்கலாம்னு அலையிறேன். நீங்க என்னடான்னா பூனக்குட்டிங்கிறீங்க.”

“பூனக்குட்டி நான் சொல்லல மச்சான். தூக்கி எறிஞ்சாரான்னு அவரு சத்தம் போட்டுக் கேட்டாரு. நான் சரிங்கன்னுட்டேன். உங்களப் பத்தி அப்பிடி ஒரு நாளும் நெனச்சதில்ல. நீங்க மாசாமாசம் போன் போட்டு மொதல்ல புள்ளையத்தானே கேக்குறீங்க. அதச் சொல்லியிருக்கணும். வாய் வரல.”

என் வாழ்க்கையில் நான் நிறுத்தாமல் பேசிய நீளமான பேச்சு அதுதான். செல்வராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு கோணியது. அழப்போகிறாரோ என்று நினைத்தேன்.

“ஏன் மச்சான், என்னையப் பொண்ணு பாக்க வரச் சொன்ன அன்னிக்கே இன்னொரு மாப்புளையையும் வரச் சொன்னவருதானே நீங்க?”

“அவங்களும் கேட்டாங்க மச்சான்.”

“ரெண்டு குடும்பமும் ஒரே வாங்குல ஒக்காந்து ஒரே தட்டுல பலகாரம் தின்னோம்!” என்று அவர் வெடித்துச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபோது கண் நனைந்திருந்தது. “அவ எவ்வளவு திட்டுனா ஒங்கள” என்றார். என் தங்கையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிப் பல காலம் ஆகியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு நீதிபதி நேராக என்னைக் கேட்டார். “உன்னுடைய சட்டத்தரணி யார்? காட்டு.”

பெரிய மனிதர்களை விரலால் காட்டிப் பழக்கமில்லை. நடந்து போய் ரிஸானா மிஸ்ஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். மற்ற இருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வேண்டாம் என்று நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை, அதையும் வாயால் சொல்லவில்லை.

இடிக்குரல் ஐயா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அவர் என்னைப் பற்றிச் சொன்னதைப் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். ரிஸானா மிஸ் எழுந்து, இந்த வழக்கில் தனக்கு உதவியாக இந்த இளம் சட்டத்தரணியும் இருக்க அனுமதி வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டார். பிறகு முன் வாங்கில் இருந்த அம்மாவைக் கண்ணால் காட்டி, குனிந்து என் காதில், “அந்த உம்மா ஈக்கிறதுக்காகத்தான். உங்களுக்காக இல்ல” என்றார்.

நீதிபதி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். செல்வராஜ் சம்மதம் சொன்னார். அடுத்து தர்ஷினியை அருகில் அழைத்து, மாமாவோடும் அத்தையோடும் இருக்க விருப்பமா என்று நீதிபதி கேட்டார்.

“ஆமாங்க” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா யாராச்சும் எதாச்சும் கேட்டா, மாமா என்னைய கேக்காம சரின்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லுங்க” என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சிரித்துவிட்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “விளங்கியதா?” என்றார்.

“சரிங்க” என்றேன்.

முழு உத்தரவு வரச் சில மாதங்கள் ஆயின. ஆனால் என் வீட்டில் அமுலில் இருப்பது அன்றைக்கு அந்த அறையில் போட்ட உத்தரவுதான். சீட்டுப் பிடிக்கிறவர், சட்டி பானை விற்கிறவர், சந்தா கேட்டு வருகிற தலைவர், யார் வாசலுக்கு வந்தாலும் தர்ஷினி குறுக்கே வந்து நிற்பாள். “மாமாகிட்ட கேக்காதீங்க. கோர்ட் ஓடர் இருக்கு.” தலைவர் ஒரு முறை அந்த ஓடரைக் காட்டு என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள்.

வழக்குக்கு அடுத்த நாள் விடியற்காலையிலிருந்து மழை. பாலெடுக்க யாரும் றப்பர் மரம் வெட்டப் போகவில்லை, தொழிற்சாலைக்குப் பால் வரவில்லை, எனக்கும் வேலை இல்லை. செல்வராஜ் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். பலாக்காய்க் கறியும் கருவாடும் சமைத்திருந்தோம். சாப்பிட்டுவிட்டு, மழை விட்டதும் போனார். தர்ஷினி யார் சேலைத் தலைப்பையும் பிடிக்காமல் வாசலில் நின்று கையசைத்தாள்.