ஐந்து விநாடி சைரன்

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 8.40க்கு முதலிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு வந்தேன். மேசையைத் துடைத்தேன். ஒன்பது மணிக்கே நாட்குறிப்பில் ‘வழக்கமான நாள்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன் (எனக்கு என்ன அவசரமோ).

கம்பெனியின் நெட்வொர்க் என் பொறுப்பு. தையல் வரிசைகளில் உள்ள பார்கோடு கருவி ஏதாவது துண்டிக்கப்பட்டால், நெட்வொர்க் சுவிட்ச் ஒரு எச்சரிக்கைச் செய்தி அனுப்பும். மெயிலில் வந்தவற்றை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. ஆகவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: செய்தி வந்தால் சைரன் ஐந்து விநாடி ஊத வேண்டும். தீ சைரன் வாங்கிய கடையிலேயே அதே மாடலில் இன்னொன்று வாங்கி, பேக்கிங் வாசலில் மாட்டினேன். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். விடாமல் ஊதினால் தீ, ஐந்து விநாடி என்றால் நெட்வொர்க் என்று நோட்டீஸும் ஒட்டினேன்.

பதினொரு மணி டீ நேரத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க சூப்பர்வைசர் ஒரு வரிசையின் மெயினை அணைத்தார். பன்னிரண்டு கருவிகள், பன்னிரண்டு செய்திகள். ஒரு முழு நிமிடம் விடாமல் ஊதியது. இந்தப் பெருக்கலை நான் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

214 பேரும் வெளியே ஓடினார்கள். தீ விதிப்படி வாட்ச்மேன் கட்டடத்தின் மெயினை அணைத்தார். மீதிக் கருவிகளும் போயின. யுபிஎஸ்ஸில் ஓடிய நெட்வொர்க் சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் செய்தி அனுப்பியது; அதே யுபிஎஸ்ஸில் இருந்த என் சைரனும் ஊதியது. புகையே இல்லையே என்று எலக்ட்ரீஷியன் மெயினைப் போட்டார். அதற்கும் ஊதியது. கருவி திரும்பி வந்துவிட்டது என்பதும் செய்திதானே. என் ஸ்கிரிப்ட் செய்தியைப் படிக்காது, வந்ததை மட்டும் பார்க்கும். பயந்துபோன வாட்ச்மேன் மறுபடி அணைத்தார்.

நான் வாசலில் பெயர்ப் பட்டியலோடு நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சைரன் நிற்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. ஊதும்போதெல்லாம் முதலிலிருந்து எண்ண வேண்டும் (விதி எழுதியது நான்).

“ஏனுங்க, தீ எங்கீங்க?” என்றார் முதலாளி.

“தேடிட்டிருக்கறேனுங்க.”

பேக்கிங் பொறுப்பாளர் செல்வி, நெல்லைக்காரர், மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு மணிக்கு லாரி புறப்படாவிட்டால் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும்; சரக்கை விமானத்தில் அனுப்பினால் இந்த ஆர்டரில் லாபமே மிஞ்சாது.

“சார், கரண்டு போனாலும் ஊதுது, வந்தாலும் ஊதுது. தீக்கு எதுக்கு கரண்டு? இது ஒங்க கம்ப்யூட்டரு பாத்த வேல. நாங்க எப்ப பொட்டி கெட்ட?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் அவர் விதியை மீறி உள்ளே போய் வயரைப் பிடுங்கிவிட்டார். மணி 12.25. பேக்கிங்கில் யாரும் அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. லாரி பத்து நிமிடம் தாமதமாக 4.10க்குப் புறப்பட்டது, ஆனாலும் கப்பலைப் பிடித்துவிட்டது.

இன்றும் என் போன் அடித்தால் என் மனைவி, “போன சேதியாங்க, வந்த சேதியாங்க?” என்று கேட்காமல் எடுக்க விடுவதில்லை.

மறுநாள் காலை 8.40. என் மேசைமேல் டேப் ஒட்டிய ஏற்றுமதிப் பெட்டி ஒன்று இருந்தது. ஸ்டிக்கரில், ‘கலர்: சிவப்பு. பீஸ்: 1. ரிஜெக்ட்.’ உள்ளே சைரன். செல்வி டெலிவரி சீட்டை நீட்டினார். முதல் வேலையாக, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன்.