ரஞ்சன் அண்ணையின் கொட்டேஜை மூடப் போன கதை

சகலன் வீடு வாங்கும்போது சந்தோஷமாக முகத்தை வைத்திருப்பது களைப்பான வேலை. (பட்டவர்களுக்குத் தெரியும்.) என் மனைவி வதனியின் அக்காவைக் கட்டிய ரஞ்சன் அண்ணை யூனியன்வில்லில் பெரிய வீடு வாங்கியபோது அந்த வேலையை நான் ஓரளவு நன்றாகவே செய்தேன். பிறகு அவர் வடக்கே ஒரு ஏரிக்கரையில் கொட்டேஜும் வாங்கினார். கோடையில் போய்த் தங்குவதற்கென்றே ஒரு தனி வீடு! ஸ்காபரோவில் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்த எனக்கு அதற்குமேல் முகத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் வேலை, கார் பழுது, வயிற்றுக்குத்து என்று ஏதாவது சாட்டுச் சொன்னேன். அதனால் வதனியும் நானும் அந்தக் கொட்டேஜைக் கண்ணால் கண்டதே இல்லை.

ஒரு செப்டம்பரில் ரஞ்சன் அண்ணை அங்கே படகை இழுக்கப் போய் அவருக்கு முதுகு பிடித்துவிட்டது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவரை ரொறன்ரோவுக்குக் கொண்டு வந்தார்கள். இலை நிறம் மாறத் தொடங்கியதும் அவருக்குக் கவலை வந்தது. பனிக்காலத்துக்கு முன் கொட்டேஜை மூட வேண்டும். மூடுவது என்றால் கதவைப் பூட்டுவது அல்ல. குழாய்த் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் வடிக்க வேண்டும். மலசலகூடத்திலும் வடிகால்களிலும் குளிருக்கு உறையாத இளஞ்சிவப்புத் திரவம் ஊற்ற வேண்டும். பிரிட்ஜைக் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் குழாய் வெடித்து, வசந்தகாலத்தில் வீட்டுக்குள்ளும் ஓர் ஏரி இருக்கும். காசு கொடுத்து ஆள் பிடிக்கப் போவதாக அவர் சொன்னார்.

“உதுக்கேன் அண்ணை ஆள்? நான் செய்யிறன்,” என்றேன்.

வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் குழாய் சொட்டினால் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து ரிவி பார்க்கிறவன் நான். ஆனால் இணையத்தில் காணொளிகள் இருக்கின்றனவே. ஒரு கிழமை இருந்து பார்த்தேன். கடைசியில் ஏரிக்கரையில் பிறந்தவன் மாதிரி ஆகிவிட்டேன்.

ஒக்ரோபர் நன்றி நவிலல் விடுமுறையில் இருவரும் புறப்பட்டோம். ஏரிக்குக் கிட்டப் போனதும் கைபேசியில் சிக்னல் போய்விட்டது. ரஞ்சன் அண்ணை சொன்ன அடையாளம் நினைவிருந்தது. பெரிய வளைவு தாண்டியதும் நீலக் கதவு, வாசலில் பூச்சட்டி, அதற்குக் கீழே கதவைத் திறக்கும் திறப்பு. ஒரு வளைவு வந்தது. நீலக் கதவு வந்தது. பூச்சட்டியைத் தூக்கினேன், திறப்பு இருந்தது. சகலனுடைய வீட்டை நானாகவே கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு உள்ளே போனேன்.

வீடு கதகதப்பாக இருந்தது. ஹீட்டரை நிறுத்தாமல் வந்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். வதனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சேருங்கோ, வெள்ளைக்காரற்ற படமெல்லோ கொழுவியிருக்கு.”

“பிரேம் வாங்கேக்க உள்ளுக்கு இருந்த படமாயிருக்கும். அண்ணை மாத்த மறந்திருப்பார்.”

எல்லாப் படத்திலும் ஒரே அம்மா இருந்தார். நன்றாக விற்கிற பிரேமாக்கும் என்று நினைத்தேன். பிரிட்ஜைத் திறந்தால் ஒரு பென்னாம் பெரிய வான்கோழி. அக்கா ஒருநாளும் வான்கோழி சமைக்கிறவள் இல்லை என்றாள் வதனி. கொட்டேஜ் வாங்கியவர்கள், இனி எல்லாம் சமைப்பார்கள் என்றேன்.

“ஒரு மாசமாக் கிடந்த இறைச்சி மணக்காதோ?”

“நல்ல பிரிட்ஜ். நீர் சும்மா பையுக்க போடும்.”

வான்கோழி, பால், கேக், சூப் எல்லாம் குப்பைப் பைக்குள் போயின. நான் பம்பை நிறுத்தினேன். குழாய்களைத் திறந்துவிட்டேன். சுடுநீர்த் தாங்கியை வடித்தேன். வாங்கிக்கொண்டு போன திரவம் முழுவதையும் தாராளமாக ஊற்றினேன். கட்டில் விரிப்புகளை உருவி, மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை வேறில்லை. கடைசியாக மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினால், வாசலில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி நாயோடு நின்றார்கள்.

ஏதாவது உதவி வேண்டுமா என்று அந்த அம்மா மிக மெதுவாகக் கேட்டார். அயலவர்களாக்கும் என்று நினைத்து, நன்றி சொல்லி, வேலை முடிந்துவிட்டது என்றேன். உள்ளே வந்து இருங்கள் என்றும் சொன்னேன். அதற்குள் நாய் என்னைத் தாண்டிப் போய், குசினி மூலையில், நான் சற்றுமுன் தரையிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்த இடத்தில் படுத்துக்கொண்டது.

நான் நாயைப் பார்த்தேன். சுவரில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன்.

“நான் அப்பவே சொன்னனான்,” என்றாள் வதனி.

அந்த அம்மாவின் பெயர் ஹெலன். அவர் வாசலோரச் சுவரில் இருந்த தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். பொலிஸ் வந்தால் என்ன சொல்வது என்று என் மூளை தேடியது. திருட வரவில்லை, குழாய் வடிக்க வந்தோம் என்றா? நல்லவேளை, வதனி முந்திக்கொண்டு ரஞ்சன் அண்ணையின் பெயரைச் சொன்னாள். அவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய வீடு அடுத்த வளைவுக்கு அப்பால் இருந்தது. அந்த வளைவுதான் பெரிய வளைவு.

ஹெலனின் கணவர் மலசலகூடத்தை எட்டிப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருந்தது. குழாயைத் திருகினார். காற்றுகூட வரவில்லை. இவ்வளவு சொட்டில்லாமல் வடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையோடு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெலனுக்கு வரவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு ஓட மறுத்தது. பம்புக்குள் ஊற்றி அதை ஓடவைக்கவும், குழாய்களை அலசவும், குப்பைப் பையிலிருந்து மீட்ட வான்கோழியின் உறையைக் கழுவவும் ஏரியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். வதனி மெத்தைகளை இறக்கி விரித்தாள். விருந்தாளிகள் ஒவ்வொரு காராக வந்து இறங்க, ஹெலன் என்னை வாளியோடு ஒவ்வொருவருக்கும் அறிமுகப்படுத்தினார். என்ன சொல்லி அறிமுகப்படுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. ஆனால் எல்லோரும் மிகுந்த மரியாதையோடு கை கொடுத்துவிட்டுத் தங்கள் பைகளை எண்ணினார்கள்.

குழாயில் தண்ணீர் வந்தபின் நாங்கள் காரில் ஏறினோம். ரஞ்சன் அண்ணையின் வீட்டை மூடுவதற்குத் திரவமும் இல்லை, தெம்பும் இல்லை. நாங்கள் ஸ்காபரோ வந்து சேர முன்னரே ஹெலன் ரஞ்சன் அண்ணைக்குப் போன் எடுத்திருந்தார்.

அடுத்த கிழமை மறுபடி போனோம். பின் இருக்கையில் முதுகுப் பட்டியோடு ரஞ்சன் அண்ணை சாய்ந்திருந்து, ஒவ்வொரு வளைவுக்கும் “இது இல்லைத் தம்பி” என்று சொல்லிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அவருடைய கொட்டேஜை முதன்முதலாகப் பார்த்தேன். ஏரியைப் பார்த்த ஜன்னல்களோடு உண்மையிலேயே வடிவான வீடு. அதை அவரிடம் மனதாரச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து, முதுகு நோகுது, பேசாமல் இரும் என்றார்.

போன வருடம் நாங்களும் ஒஷாவாவில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். பால் காய்ச்சும் நாள் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, ஐயர் முன்னால் நானும் வதனியும் இருந்தோம். பிந்தி வந்த ரஞ்சன் அண்ணை வாசற்படியிலேயே நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

“தம்பி, இது உம்மட வீடுதானே?”

மந்திரம் நின்றது. ஐயரும் என் பதிலுக்காக என்னைப் பார்த்தார்.