தொடாமல் கடைந்த ஷாஃப்ட்

ஒரு காட்டில், முருகன் மலை அடிவாரத்தில், சிங்கம் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தது. கடவுள் புண்ணியத்தில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் யானை ஒரு தடித்த இரும்புத் தண்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தது.

"முதலாளி, கிணத்துப் பம்புல ஷாஃப்ட் முறிஞ்சுபோச்சு. குட்டிங்க சேத்தை நக்கிட்டுக் கிடக்குதுங்க. இன்னைக்கே இதைப் புது ஷாஃப்டாக் கடைஞ்சு குடுத்துடுங்க, புண்ணியமாப் போகும்."

மற்ற நாளாக இருந்தால் லேத் ஓட்டும் கரடி உடனே தண்டை லேத்தில் மாட்டியிருக்கும். அன்றைக்கென்று பார்த்து நரி ஒரு கம்ப்யூட்டரோடு வந்திருந்தது. லேத் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும், இரும்பைச் சீவும் டூல் எவ்வளவு வேகமாக நகர வேண்டும், எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், எல்லாவற்றையும் அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். சிங்கம் பயபக்தியோடு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தது.

"அவரவர் ஆசையைச் சொல்லுங்க" என்றது நரி.

"வேலை சட்டுனு முடியணும்" என்றது சிங்கம்.

"டூல் தேயவே கூடாது. புதுசு கேட்டா முதலாளி என்னைத்தான் முறைக்கிறார்" என்றது ஸ்டோர் பார்க்கும் எலி.

"சூடா இரும்புச் சுருள் தெறிச்சு என் ரோமமெல்லாம் பொசுங்குதுங்க. அது மட்டும் வேண்டாம்" என்றது கரடி.

யானை வாயைத் திறந்தது.

"கஸ்டமரெல்லாம் வெளியில உட்காரணும்மா" என்றது நரி.

கம்ப்யூட்டர் சற்று நேரம் முனகியது. நரி படித்தது. "சுற்று வேகம், முழு வேகம். நகரும் வேகம், முழு வேகம். ஆழம், பூஜ்யம்!"

"பூஜ்யமா? டூல் இரும்பைத் தொடவே தொடாதே!" என்றது கரடி.

"தொட்டாத்தானேய்யா தேயும்? தொட்டாத்தானே பொசுங்கும்?" என்றது நரி.

கரடி தன் ரோமத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது. "அதுவும் சரிதான்."

லேத் பிய்த்துக்கொண்டு சுற்றியது. டூல் காற்றிலேயே போய்த் திரும்பி வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. எலி ஆனந்தக் கண்ணீர் விட்டது.

"குடுத்தது குடுத்தபடியே இருக்கே! இது பம்புக்குள்ள நுழையாதே சாமி!" என்றது யானை.

"நுழையணும்னு இங்கே யாரும் சொல்லலையேம்மா" என்றது நரி. "ஒண்ணு பண்ணுங்க. பம்பு ஓட்டையைப் பெரிசாக்கிக்குங்க."

"அதை யாரு பண்ணுவா?"

"கழட்டிக் கொண்டாங்க" என்றது சிங்கம் அன்பாக. "இதே கணக்குல பண்ணித் தர்றோம்."

நீதி: ஒரு காரியத்தில் இறங்குமுன் எல்லாருடைய ஆசையையும் கேட்க வேண்டும். தாகத்தோடு வந்தவரை மட்டும் கேட்டுவிடக் கூடாது. அருமையான கணக்கு கெட்டுப்போகும்.