மாட்டினது டிரைவ், மாட்டிக்கொண்டது லோகநாதன்

இனிமேல் எந்த ரிப்பேர்காரனும் இந்த வாசல்படி ஏறக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோகநாதன் முடிவெடுத்தார். காரணம் இருந்தது. போன மாதம் லேப்டாப் செத்துவிட்டதென்று ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் நெடுஞ்செழியனை வரவழைத்தார். அவன் வந்தான். குனிந்தான். சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டான். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அரசுப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷம் உதவியாளராக இருப்பவர். ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் வீட்டிலா சுவிட்சு போட ஆள் வரவேண்டும்?

லேப்டாப் அவருடையதல்ல, மனைவி மணிமேகலையுடையது. பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள் அவள். திரையில் கட்டம் கட்டமாக புட்டாவும் பார்டரும் முந்தானையும் வரைவாள். அதை வைத்துத்தான் தறிக்குப் பூவேலை சொல்லும் துளை அட்டையை, ஜக்கார்டு அட்டையை, அடிப்பார்கள். எட்டு வருஷத்து டிசைன் முழுக்க அதற்குள் இருந்தது. ஒரு டிசைனைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் சாதம் வடித்து வரலாம், அத்தனை வேகம்.

"புது எஸ்.எஸ்.டி. போட்டா ராக்கெட்டா ஓடும். சாலிட் ஸ்டேட் டிரைவ். சாலிட்னா கெட்டி. நானே மாட்டறேன்" என்றார்.

"நெடுஞ்செழியன்கிட்ட குடுத்தா..."

"அவன் பேர எடுக்காத. அவன் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

மணிமேகலை சாதம் வடிக்கப் போனாள்.

புது டிரைவ் பீடிக்கட்டு நீளம்தான் இருந்தது. அதை மாட்டி முனையில் ஒரு பொடி ஸ்க்ரூ போடவேண்டும் என்று யூடியூப் வீடியோவில் ஒருவன் சொன்னான். பெட்டிக்குள் ஸ்க்ரூ இல்லை. லோகநாதன் செல்லோடேப்பை ஒட்டி மூடினார். பழைய டிஸ்கிலிருந்ததெல்லாம் புதிதுக்கு மாறியது. லேப்டாப் ராக்கெட்டாகவே ஓடியது. அந்த ஜோரில் பழைய டிஸ்கைக் கழற்றித் துடைத்து அழித்தும் விட்டார். "பழச வெச்சிகினு இருந்தா புதுசு மேல நம்பிக்க வராது, மணி."

இருபதாவது நிமிஷம் திரை உறைந்தது. அணைத்துப் போட்டால், டிரைவே இல்லை என்றது.

"சாலிட்னா கெட்டின்னு சொன்னீங்களே" என்றாள் மணிமேகலை.

"கெட்டிதான்."

"கெட்டுப்போச்சான்னு கேக்கறேன்."

கழற்றி மாட்டினார். ஓடியது. இருபது நிமிஷத்தில் மறுபடி நின்றது. அதற்குள் ஒரு டிசைனைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. டிரைவின் பித்தளைப் பல்லை ரப்பரால் துடைத்தார். லேப்டாப்பின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தார். விற்ற கம்பெனிக்கு எழுதினார். டிரைவை அனுப்புங்கள், வேறு தருகிறோம், உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. எட்டு வருஷம் உள்ளே இருந்தது. லோகநாதனுக்கு சோறு இறங்கவில்லை. பள்ளியில் அமிலக் குடுவைக்கு உப்பு என்று சீட்டு ஒட்டினார்.

புதன்கிழமை நெசவாளர் முருகேசன் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் இருந்தது.

"அம்மா, தறில பாவு நூல ஏத்திகினு உக்காந்துகினு இருக்கேன். கல்யாணப் புடவ. ஜல்தியா அட்ட வந்தாதான் ஆச்சு."

"திங்கக்கெழம வந்துடும்ணே" என்றாள் மணிமேகலை, கணவரைப் பார்க்காமல். அவள் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கத்தவில்லை. 

வெள்ளிக்கிழமை அவருக்கு ஒன்று பொறி தட்டியது. இருபது நிமிஷம் ஓடினால் டிரைவ் தொடமுடியாமல் சுடுகிறது; சூடுதான் வியாதி என்றால் குளிர்தான் மருந்து. டிரைவைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

சனிக்கிழமை மணிமேகலை சொன்னாள்: "தேசூர்ல எங்க அண்ணன் பேத்திக்கு காது குத்தறாங்க. நீங்க போய்ட்டு வாங்க. ஒரு வாரமா முகம் பேயடிச்ச மாதிரி இருக்குது. அது பிரிட்ஜிலயே கிடக்கட்டும்."

போனார். குழந்தை அழுததைவிட அதிகமாக உள்ளுக்குள் அழுதார். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்தபோது மணிமேகலை லேப்டாப்பின் முன் உட்கார்ந்து மாங்காய் புட்டா வரைந்துகொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரமா ஓடுது?"

"நானே எடுத்து மாட்டினேன், காலைல இருந்து ஓடுது. டிசைன் முழுக்க வேற எடத்துலயும் காப்பி போட்டுட்டேன். முருகேசன் அண்ணனுக்கும் அனுப்பியாச்சு."

"நிக்கவே இல்லயா?"

"நிக்கல. நீங்க குளிர்ல வெச்சது நல்லதுக்குதான் போல."

லோகநாதனுக்கு ஏழு நாளாக மூடியிருந்த வாய் திறந்தது. திறந்தது மூடவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் பிரிட்ஜ் வைத்தியத்தைப் படம் போட்டு விளக்கினார். தலைமையாசிரியை பானுப்ரியா கவனமாகக் கேட்டுவிட்டு, ஸ்டோர் ரூமில் உயிரில்லாமல் கிடந்த பதினோரு லேப்டாப்பை மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டார். "ரெண்டு வாரத்துல ஆய்வுக்கு வராங்க சார். உங்களத்தான் நம்பி இருக்கேன்."

பத்து நாள் பதினோரு டிரைவும் முறை வைத்து பிரிட்ஜில் படுத்தன. இட்லி மாவு பக்கத்து வீட்டுக்கு அகதியாகப் போனது. ஒன்றும் பிழைக்கவில்லை. ஒரு லேப்டாப்பில் தண்ணீர் கோத்துக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த ஒற்றை விளக்கும் போயிற்று. லோகநாதன் நாற்காலியில் சரிந்தார்.

"கௌரவம் பாக்காம நெடுஞ்செழியன் கடைக்கு ஒரு நட போங்க" என்றாள் மணிமேகலை.

போனார். மூட்டையைக் கடை வாசலில் இறக்கினார். தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார், பிரிட்ஜ் உள்பட.

நெடுஞ்செழியன் சிரிக்கவில்லை. "சார், உங்க டிரைவுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்க்ரூவுக்கு பதிலா டேப்பு ஒட்டி வெச்சிருந்தீங்க. சூடானா பசை இளகும், டிரைவு ஒரு பக்கம் தூக்கிக்கும், தொடுப்பு விட்டுப்போகும். அவ்ளோதான்."

லோகநாதன் தலையை நிமிர்த்தினார். "அப்ப நான் தேசூர் போனப்ப நீ வந்து சரி பண்ணியா?"

"நான் எங்க சார் வந்தேன்? அக்காதான் கடைக்கு வந்தாங்க. இந்த சைசுல ஒரு ஸ்க்ரூ குடுன்னாங்க. குடுத்தேன். அவங்களே போட்டுகினாங்க. உங்ககிட்ட சொன்னா மனசு ஒடஞ்சிபூடுவீங்க, சொல்லாதன்னாங்க."

"அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஆயிரம் கட்டத்துல ஒரு புள்ளி தப்பினா கண்டுபிடிக்கிறவங்க சார். டிரைவு முனையில ஒட்டியிருந்த டேப்பு பசை இளகி சுருண்டு கெடந்தது கண்ணுல பட்டிருக்கு."

லோகநாதன் மூட்டையை அவன் பக்கம் தள்ளினார். "சரிப்பா. போனது போகட்டும். இந்த பதினொண்ணையும் நீதான் பாத்துக் குடுக்கணும்."

நெடுஞ்செழியன் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தான். திரும்ப முடிச்சுப் போட்டான். கடைக்குள் போய் இரண்டு லேப்டாப் எடுத்து வந்து அதன் மேல் வைத்தான்.

"இப்பல்லாம் எனக்குப் பிடிபடாதத அக்காகிட்டதான் அனுப்பறேன் சார். வீட்டுக்குத்தான போறீங்க, இந்த ரெண்டயும் அப்படியே குடுத்துடுங்க."